காற்றாடி மார்க் பீரில் பெத்தாய் வாடை

எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று உங்களில் ஒருவர், கிளப் வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். “அண்ணே, லாகர் பீருன்னா எல்லாம் ஒரே மஞ்சத் தண்ணிதானே? லேபிலக் கிழிச்சிட்டா தொரைமாருக்கே தெரியாதுலா. அதுல இத்தன வருசம் நீங்க என்னா ருசி பாத்தீங்க?”

மாலை, பேச்சு, கைதட்டல் என்று ஆகிவிட்டதால் அன்று பதில் சொல்ல வாய்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. லேபிலைக் கிழித்துவிட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாமல்தான் இருந்தது. தெரியவந்த விதத்தை உங்களுக்கு எழுதுகிறேன். கிளாஸ் கழுவுவது, சாய்த்து ஊற்றுவது, எவ்வளவு நுரை நிறுத்துவது என்பதையெல்லாம் இரண்டு வாரத்தில் உங்கள் கையே கற்றுக்கொள்ளும். அதற்கு நான் எழுத வேண்டியதில்லை.

அந்த நாளில் நான் வேலை பார்த்த கிளப் லுக்குட்டைத் தாண்டி புக்கிட் பெலண்டோக் போகும் பாதையில், நாலா பக்கமும் ரப்பர் மரங்கள் சூழ, ஒரு சின்ன மேட்டின்மேல் இருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டத் துரைமார் சனி ஞாயிறுகளில் டென்னிஸ் ஆட வருவார்கள். என் அப்பா அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பால் வெட்டியவர். நான் தட்டுக் கழுவ வந்து, பிறகு பாருக்கு மாறினேன். அப்போது சிங்கப்பூரில் லாகர் காய்ச்சத் தொடங்கியிருக்கவில்லை. எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். மூன்று வகை வைத்திருந்தோம். அவற்றின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் லேபிலில் இருந்த படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஜெர்மனியிலிருந்து வந்தது கரடி மார்க். ஜப்பானிலிருந்து வந்தது கொக்கு மார்க். இரண்டும் காப்பி நிற பாட்டில். ஹாலந்திலிருந்து வந்ததில் பெரிய இறக்கைகளோடு ஒரு காற்றாலைப் படம் இருக்கும். அது காற்றாடி மார்க். பாட்டில் நல்ல பச்சை.

கிளப் செயலாளராக இருந்த துரைக்கு வருடக்கணக்காக மலேரியா. கொய்னா சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருடைய நாக்கு செத்துப்போயிருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். தோட்டத்தில் பழகிய தமிழில்தான் எங்களோடு பேசுவார்.

“ரெத்தினம், எனக்கு தேத்தண்ணியும் கசக்குது, ரொட்டியும் கசக்குது. பீர் நல்லாயிருக்கா, கெட்டுப்போச்சா, நான் எப்படிப் பாக்குறது? இனிமே நீ பாரு.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது தொரே.”

“எலுமிச்சத் தண்ணியில மண்ணெண்ண வாட இருக்குன்னு நீதானே சொன்னே? வேற யாரும் சொல்லல. அப்ப உனக்கு தெரியும்.”

இப்படித்தான் பெட்டி வந்து இறங்கியதும் ஒரு பாட்டிலை உடைத்து ருசி பார்ப்பது என் வேலையானது. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பிவிடுவேன். பாரில் நிற்பவன் குடித்துவிட்டு நிற்க முடியாது. கள்ளுக்கடைப் பக்கம் கால் வைக்காமல் வளர்ந்த எனக்கு முதலில் எல்லாமே கசப்பாகத்தான் தெரிந்தது. போகப்போக ஒன்றொன்றும் தன் முகத்தைக் காட்டியது. கரடி மார்க்கில் ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கடித்த மாதிரி ஒரு இனிப்பு. கொக்கு மார்க் லேசாக, வடித்த கஞ்சியை நினைவூட்டிவிட்டு ஓடிவிடும். காற்றாடி மார்க்கில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு, தொண்டையில் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே தண்ணீர், ஒரே தானியம் என்கிறார்கள். எங்கிருந்து வருகிறது இத்தனை வேறுபாடு?

முதல் தப்பு சீக்கிரமே நடந்தது. அடுத்த வருடத்துக்கு எதை அதிகமாக வரவழைக்கலாம் என்று செயலாளர் துரை கேட்டார். மூன்றையும் வரிசையாக ஊற்றி வைத்துப் பார்த்துவிட்டு, “கரடிதான் தொரே, மத்தது கிட்ட வராது” என்று அடித்துச் சொன்னேன். அவர் அன்றே கடிதம் எழுதிவிட்டார். மறுநாள் என்னவோ தோன்றி, வரிசையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். கொக்குதான் உசத்தி என்றது நாக்கு. மூன்றாம் நாள் காற்றாடியை முதலில் வைத்தேன். காற்றாடி ஜெயித்தது. எதை முதலில் வைத்தாலும் அதுதான் முதல்! மத்தியான வெயிலில் வேர்த்து நிற்பவனுக்குக் குளிர்ச்சியாக எது கொடுத்தாலும் அமிர்தம். முதல் மடக்கு தாகத்துக்குப் போய்விடுகிறது. இரண்டாவதிலிருந்துதான் நாக்கு வேலை செய்கிறது. அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீரும் ஒரு கிரேக்கர் பிஸ்கட்டும் இல்லாமல் நான் எதையும் ருசி பார்த்ததில்லை. வரிசையை மாற்றிப் பார்க்காமல் ஒரு முடிவும் சொன்னதில்லை. கடிதம் போய்விட்டது. அந்த வருடம் முழுக்கத் துரைமார் கரடியே குடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் நல்ல பழக்கம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இனி அந்தப் பெரிய சங்கதிக்கு வருகிறேன்.

ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். கிளப்பில் செலவில்லாமல் ஏதாவது அழகு செய்ய வேண்டும் என்று துரைசானிமார் பேசிக்கொண்டார்கள். நான் பழைய பெட்டிப் பலகைகளை இழைத்து, பாரின் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு அலமாரி செய்தேன். காற்றாடி பாட்டில்கள் ஒவ்வொன்றும் வைக்கோல் உறை போட்டு வரும். உறையில் கரப்பான் சேர்ந்ததால் அவற்றை உருவிப் போட்டுவிட்டு, பாட்டில்களைத் துடைத்து அந்த அலமாரியில் வரிசையாக நிறுத்தினேன். காலையில் வெயில் விழும்போது பார் முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவும். ஒரு துரைசானி, “கோயில் ஜன்னல் மாதிரி இருக்கிறது” என்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களுக்குச் சாமான் கொண்டுவருபவர் மைதீன் பாய். அதிராம்பட்டினத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு பழைய லோரி வைத்திருந்தார். காலையில் தோட்டங்களிலிருந்து புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளைச் சிரம்பான் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போவார். திரும்பும்போது எங்களுக்கு ஐஸ், மாவு, டின் மீன், பீர்ப் பெட்டி எல்லாம் ஏற்றி வருவார். ஐந்து வேளை தொழுகை தவறாத மனிதர். பீர்ப் பெட்டியைத் தூக்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். “ஏத்தி எறக்குறது மட்டுந்தான் தம்பி என் வேல. அதுக்குள்ள என்னா இருக்குன்னு நான் கேக்குறதில்ல” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் போட்டி. முதல் நாள் பெய்த மழையில் மைதீன் பாயின் லோரி செண்டாயான் பக்கம் சேற்றில் மாட்டிக்கொண்டது. வந்து சேர்ந்தபோது ஐஸில் பாதி சாக்குக்குள்ளேயே உருகிப்போயிருந்தது. இருந்ததை வைத்துச் சமாளித்தேன். பீர் சில்லென்று இல்லை; தொட்டால் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

பெரிய தோட்டத்துத் துரை ஆட்டம் முடிந்து வந்து காற்றாடி மார்க் கேட்டார். ஒரு வாய் குடித்தார். அப்படியே வராந்தாவைத் தாண்டிப் புல்லில் துப்பினார்.

“என்ன கொடுத்தாய்? நனைந்த நாய் மாதிரி நாறுகிறது!”

நான் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தேன். நாயைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வாடை அது. காட்டு மரத்தில் நீளமாகத் தொங்கும் பெத்தாய்க் கொட்டையை மிளகாய்ச் சம்பாலில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு மறுநாள் வரைக்கும் கூடவே வருமே, அதே வாடை. பீரில் எப்படி?

“திறந்து எடுத்துக்கொண்டு வேறு எதையோ ஊற்றி மூடியிருக்கிறான்” என்றார் பெரிய துரை. “லோரிக்காரன் ஏன் தாமதமாக வந்தான் என்று இப்போது புரிகிறது.”

எல்லாருடைய பார்வையும் வெளியே போனது. மைதீன் பாய் ஈரச் சாக்கைப் பிழிந்துகொண்டு லோரியின் பக்கத்தில் நின்றிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது சாக்கு கையிலிருந்து நழுவியது.

“தொரே, நான் அந்தச் சனியன நாக்குல வச்சதே இல்ல தொரே. அல்லா சத்தியமா!”

செயலாளர் துரை அவரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். வருகிற சனிக்கிழமை கமிட்டி கூடி விசாரிக்கும், அதுவரைக்கும் லோரி தோட்டங்கள் பக்கம் வர வேண்டாம் என்று முடிவானது. கமிட்டியில் இருந்த ஐந்து பேரும் தோட்டத் துரைமார். கிளப்பில் வேண்டாம் என்றால் ஒரு தோட்டத்திலும் வேண்டாம் என்றுதான் பொருள். மைதீன் பாய் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே லோரியில் ஏறினார். நான் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்றம் உண்மை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியாது. என்ன சொல்வது?

திங்கட்கிழமை கிளப்பில் ஆள் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு காற்றாடி பாட்டிலை எடுத்தேன். மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கப்பலில் வந்தபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. திறந்தேன். பெத்தாய். பிறகு ஸ்டோருக்குப் போய், அதே பெட்டியில் வைக்கோல் உறையோடு மிச்சமிருந்த பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்தேன். வேப்பம்பூ ரசம்! சுத்தமான காற்றாடி. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே லோரியில் வந்தவை. ஒன்றைக் கெடுத்து இன்னொன்றை விட்டுவைப்பானா லோரிக்காரன்?

முதலில் எனக்கு ரப்பர்ப் புகைமேல் சந்தேகம் இருந்தது. லோரி முழுக்க அந்த வாடைதானே. ஆனால் புகை ஏறியிருந்தால் இரண்டிலும் ஏறியிருக்க வேண்டும். அடுத்து, இத்தனை வாரமாக ஏன் யாரும் புகார் சொல்லவில்லை என்று யோசித்தேன். நாறும் பாட்டிலை மிச்சமிருந்த ஐஸில் நன்றாகப் புதைத்துவைத்து எடுத்துப் பார்த்தேன். வாடை அடங்கிப்போயிருந்தது. அதிகக் குளிர்ச்சி மூக்கை ஏமாற்றிவிடுகிறது. ஐஸ் குறைந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது வெளியே வந்திருக்கிறது. பெட்டி வந்த அன்று நான் ருசி பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்ன பீர்தான் அது. வந்த பிறகு, கிளப்புக்குள்ளேதான் ஏதோ நடந்திருக்கிறது.

சூடுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில், ஸ்டோரிலிருந்து நல்ல காற்றாடி பாட்டில்களை எடுத்து ஒன்றை உறையோடு அலமாரியில் வைத்தேன். ஒன்றை உறையில்லாமல் அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்றைக் கோணிச்சாக்கில் சுற்றி அடுப்படியில், கை வைக்க முடியாத சூட்டில் வைத்தேன். ஒன்றை உறையில்லாமல் இருட்டு ஸ்டோரில் விட்டேன். கரடி மார்க்கில் ஒன்றையும் அலமாரியில் நிறுத்தினேன். புதன்கிழமை எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு ஆறவிட்டுத் திறந்தேன். அடுப்படி பாட்டில் உப்புச்சப்பில்லாமல், பழைய ரொட்டி மாதிரி ஆகியிருந்தது; ஆனால் பெத்தாய் வாடை இல்லை. ஸ்டோரில் இருந்தது நன்றாக இருந்தது. உறையோடு வைத்ததும் நன்றாக இருந்தது. கரடியும் அப்படியே. உறையில்லாமல் அலமாரியில் நின்ற காற்றாடி மட்டும் நாறியது.

அது வெயில். பச்சை பாட்டில் வழியாக உள்ளே போகும் வெளிச்சம். நம்ப முடியாமல் வியாழக்கிழமை காலையில் இன்னொரு பாட்டிலை அங்கே வைத்து, வெயில் ஜன்னலை விட்டு ஏறுவதற்குள் எடுத்துத் திறந்தேன். அதற்குள்ளேயே வந்துவிட்டிருந்தது!

யாரும் சொல்லித்தராத ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பாருக்குள்ளே தனியாக நின்று சிரித்தேன். சிரிப்பு அடங்கும்போதுதான் அலமாரி கண்ணில் பட்டது. அதைச் செய்தவன் நான். உறையை உருவியவன் நான்.

அன்று மத்தியானம் மைதீன் பாய் சைக்கிளில் வந்தார். முகம் வாடியிருந்தது. பின்வாசலில் நின்றபடியே கேட்டார்.

“தம்பி, நீ ருசி பாக்குறவன். நான் கலந்தேன்னு நீயும் நெனைக்கிறியா?”

“இல்ல பாய். உள்ள வாங்க. ஒங்ககிட்ட ஒரு ஒத்தாச கேக்கணும்.”

என் மூக்கின்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. என்ன பதில் வரும் என்று தெரிந்துகொண்டு மோந்து பார்ப்பவன் அதையேதான் மோப்பான். காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு கோப்பைகளை அவர் முன்னால் வைத்தேன்.

“குடிக்க வேணாம் பாய். மோந்து மட்டும் பாருங்க. எது கெட்டது?”

அவர் ஒரு எட்டு பின்னால் போனார். “மோந்து பாக்குறது குடிக்கிறதுல சேராதுல்ல?”

“அத நான் எப்படி பாய் சொல்றது? நீங்கதான் சொல்லணும்.”

அவர் தோளில் கிடந்த துண்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே விட்டுக் குனிந்தார். இரண்டையும் மோந்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டும் கெட்டதுதாம்ப்பா. எனக்கு எல்லாமே நாத்தந்தான்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரிடம் நான் கேட்ட கேள்வியே தப்பு. பிடிக்காதவருக்கு நல்லது எது, கெட்டது எது? யோசித்துவிட்டு மூன்று கோப்பைகள் எடுத்தேன். இரண்டில் நல்லதையும், மூன்றாவதில் நாறுவதையும் ஊற்றினேன். “நல்லது கெட்டத விடுங்க. இதுல ரெண்டு ஒரே மாதிரி, ஒண்ணு மட்டும் வேற. எது வேற?”

இந்த முறை அவர் தயங்கவில்லை. “இது. இதுல பெத்தாய் அடிக்குது.” அந்த வார்த்தையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இடத்தை மாற்றி இரண்டாம் தடவை வைத்தேன். மூன்றாம் தடவை நாறுவதை இரண்டிலும் நல்லதை ஒன்றிலும் ஊற்றினேன். மூன்று தடவையும் தப்பவில்லை. கருவாட்டையும் மிளகையும் மோந்தே தரம் சொல்லும் மூக்கு அது.

வெயில் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலடியில் போய் நின்று அலமாரியைத் தடவிப் பார்த்தார்.

“இத வச்சது யாரு?”

“நான்தான் பாய்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சைக்கிளில் ஏறும்போது, “சனிக்கெழம வர்றேன். என்னா சொல்லணுமோ நீயே யோசிச்சுக்க” என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு நாள் நான் யோசித்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அலமாரியைக் கழற்றிவிட்டு, பீர் வரும்போதே கெட்டு வந்திருக்கிறது என்று ஹாலந்துக்காரன் தலையில் போட்டுவிடலாம். யாரும் போய்க் கேட்கப்போவதில்லை. மைதீன் பாயும் தப்பித்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை போனால் அடுத்த கப்பலில் நாகப்பட்டினம். அங்கே எனக்கு யாரும் இல்லை. இந்த யோசனையில் எனக்குப் பிடிபடாத இடம் ஒன்றுதான். வரும்போதே கெட்டிருந்தது என்றால், லோரியில் கெட்டது என்று பெரிய துரை சொல்வதற்கு எப்படிப் பதில் சொல்வது? வெயிலைச் சொன்னால்தான் லோரி தப்பும். வெயிலைச் சொன்னால் அலமாரி வரும். நடுவில் நிற்க இடமே இல்லை.

சனிக்கிழமை காலை ஐந்து துரைமாரும் உட்கார்ந்தார்கள். மைதீன் பாயை உள்ளே கூப்பிடவில்லை. அவர் போர்ட்டிகோவில் நின்றார். ருசி பார்த்துக் காட்ட அனுமதி கேட்டேன். நான் ஊற்றினால் சூது என்பார்கள் என்பதால், செயலாளர் துரையே கதவுக்கு அந்தப் பக்கம் ஊற்றி எடுத்து வந்தார். ஆளுக்கு இரண்டு கிளாஸ்; ஒன்றில் ஸ்டோர் பாட்டில், மற்றதில் அலமாரி பாட்டில்.

“எது நல்ல பீர்?” என்று கேட்டார் அவர். நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி.

பெரிய துரை நல்லதைச் சரியாகக் காட்டினார். பக்கத்தில் இருந்த இளம் துரை ஒருவர் மற்றதைத் தூக்கிக் காட்டி, “இதுதான் அசல் காற்றாடி. மூன்று மாதமாக இதைத்தான் இங்கே குடிக்கிறேன். இந்தக் காரம் இல்லாவிட்டால் அது காற்றாடியே இல்லை” என்றார். இன்னொருவர் இரண்டும் ஒன்றுதான் என்றார். சிரிப்பு கிளம்பியது. பெரிய துரை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “இது என்ன விளையாட்டு? போதும்.”

இப்போது விட்டால் அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று தெரிந்தது.

“தொரே, ஒரு தடவ. நல்லது எதுன்னு கேக்கல. மூணு கிளாஸ் வைக்கிறோம். ரெண்டு ஒண்ணு, ஒண்ணு மட்டும் வேற. எது வேறன்னு தாள்ல எழுதுங்க. பேசிக்காதீங்க.”

செயலாளர் துரை எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போனார். அவர் மட்டும் எழுதவில்லை; ஊற்றினார். மற்ற நால்வரும் எழுதினார்கள். தாள்களைப் பிரித்தபோது நான்கிலும் ஒரே எண். வாடையை விரும்பிய இளம் துரையும் அதே எண்ணைத்தான் எழுதியிருந்தார். மறுபடியும் வைத்தார். இந்த முறை மூன்று பேர் சரி, ஒருவர் தப்பு. பெரிய துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி, இரண்டும் வேறு வேறு. அதனால் என்ன?”

“ரெண்டும் ஒரே பெட்டி தொரே. ஒரே லோரியில வந்தது. நல்லது வைக்கோல் உறையோட ஸ்டோர்ல இருந்துச்சு. கெட்டது அந்த ஜன்னல்ல, வெயில்ல நின்னுச்சு. ஒரே காலையில கெட்டுடுது. வேணும்னா நாளைக்கே வச்சுப் பாக்கலாம்.”

“ஜன்னலில் யார் வைத்தது?”

“நான்தான். அந்த அலமாரிய செஞ்சதும் நான், உறைய உருவுனதும் நான். மைதீன் பாய்க்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல தொரே.”

செயலாளர் துரை தன் கிளாஸை மோந்து பார்த்தார்; அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. பிறகு மற்றவர்களிடம் ஆங்கிலத்தில், அந்த அலமாரியைத் தானும் பாராட்டியதாகவும், பூட்ஸ் கழற்றும் இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்கு மூன்று மாதம் பாரிலிருந்து நீக்கம். பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பிரஷ் போட வேண்டும். மைதீன் பாயின் லோரி திங்கட்கிழமையிலிருந்து வரலாம். பெரிய துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோ வழியாகத்தான் போனார். மைதீன் பாயைக் கடந்து போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களுக்கு இதில் சொல்ல வேண்டியது இரண்டு. பீரைப் பற்றிய சண்டை வந்தால் எது நல்லது என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு பதில் வரும், ஒவ்வொன்றும் அவரவருக்கு உண்மை. எது வேறு என்று கேளுங்கள். அந்த மூன்று கிளாஸ் முறையைப் பிறகு விஸ்கிக்கும் தேத்தண்ணிக்கும்கூட வைத்துப் பார்த்தேன், அது ஒருமுறையும் என்னைக் கைவிடவில்லை. இன்னொன்று, கெட்டுப்போன பொருள் கைக்கு வந்தால், அது வந்த வழியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அது நம்மிடம் இருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். வெயில் அந்த பாட்டிலுக்குள் போய் என்ன செய்கிறது, காப்பி நிறத்துக்குள் ஏன் போகமாட்டேன் என்கிறது என்பது எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. வந்து போன எத்தனையோ படித்த துரைமாரிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார்கள்.

அன்று கமிட்டி கலைந்ததும் வெளியே போய் மைதீன் பாயிடம் எல்லாம் முடிந்தது என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் முகம் தெளியவில்லை.

“லோரி போச்சுன்னா வேற தொழில் பாத்துக்குவேன் தம்பி. அது இல்ல. ஞாயித்துக்கெழம ராத்திரியே சிரம்பான் பூரா பேச்சாயிடுச்சு, மைதீன் பீரு பாட்டிலத் தொறந்தான்னு. எம் பொஞ்சாதி சோறு போட்டுக்கிட்டே கேட்டா, ‘நீங்க குடிச்சீங்களா?’ன்னு. இல்லேன்னேன். நம்புனாளா இல்லையான்னு தெரியல. நாலஞ்சு நாளா வீட்டுல பேச்சு இல்ல.”

நான்கு நாள் மூடியையும் வெயிலையும் ஆராய்ந்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

“நான் வந்து சொல்லட்டுமா பாய்?”

“வா” என்றார்.

மறுநாள் மத்தியானம் அம்பாங்கானில் அவர் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தில் என்னை உட்கார வைத்தார். உள்வாசலில் ஒரு பூப்போட்ட திரை. அதற்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. நான் திரையைப் பார்த்து, கமிட்டிக்குச் சொன்னதைவிட விளக்கமாகச் சொன்னேன். அலமாரி, உறை, வெயில், என் தப்பு எல்லாம். வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு அவர் மோந்ததையும் சொன்னேன். மைதீன் பாய் குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“மோந்து மட்டுந்தான் பாத்தாங்களா?”

“மோந்து மட்டுந்தாங்க. ஒரு சொட்டு நாக்குல படல.”

“எத்தன தடவ?”

“மூணு தடவ வச்சேன்.”

“மூணு தடவையும் சரியாச் சொன்னாங்களா?”

“ஒரு தடவகூடத் தப்பல. எங்க தொரைமார்ல ஒருத்தருக்கே தப்பிடுச்சு.”

மைதீன் பாய் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தார்.

“நல்ல மூக்குதான்” என்றது குரல். “அடுப்புல கறி தீஞ்சு ஊரே நாறுனாலும், பக்கத்துல ஒக்காந்திருக்கிற மனுசனுக்கு அது மட்டும் தெரியாது.”

மைதீன் பாய் சிரித்தார். திரைக்குப் பின்னாலும் சிரிப்பு கேட்டது.